எங்கடை பெடியன்

“அம்மா, அப்பாட்டை எப்ப கேப்பியள்?”

“நேரம் பாத்துக் கேக்கிறன்.”

“எந்த நேரம்?”

“அந்த மனுசன்ரை மனம் சந்தோசமா இருக்கிற நேரம்.”

“அப்ப சனிக்கிழமையிலை கேளுங்கோ. அன்ரன் ஓடி வெண்டா, அப்பாவைப்போலச் சந்தோசப்படுற மனுசன் இந்தப் பாரிசிலேயே இல்லை.”

“நீயே கேக்கலாம்தானே? வாய் இல்லாத பிள்ளையே நீ?”

“நான் கேட்டா அது சண்டை, அம்மா. நீங்கள் கேட்டா அது கேள்வி.”

தாயும் மகளும் இப்படிப் பேசிப் பதினாலு மாதமாகிறது. அன்றைக்குக் கடையின் பின்கட்டில், அவித்த உருளைக்கிழங்கின் ஆவி முகத்தில் அடிக்க, மிருணாளினி தோலுரித்துக்கொண்டிருந்தாள். இந்திராதேவி றோல்ஸுக்கு மா ஊற்றிக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான். மிருணாளினியும் அன்ரனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அவனையே அவளுக்குப் பேசிக் கலியாணம் செய்து வைக்க வேண்டும். கேட்கிறேன் என்று இந்திராதேவி மாக்கையால் மகளின் தலையைத் தொட்டுச் சொன்னாள். தலையில் அப்பிய மாவை மகள் அன்றைக்கே கழுவிவிட்டாள். சொன்ன வார்த்தை மட்டும் அப்படியே கிடந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் வந்து போயின. அன்ரனின் அணி தோற்ற நாட்களில் தகப்பன் இரத்தினம் சோற்றை அளைந்துகொண்டு, ஏதோ செத்தவீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி இருப்பார். அப்போது கேட்க முடியாது. வென்ற நாட்களிலோ, கதவைத் திறக்கும்போதே, “இஞ்சரும், இண்டைக்கு எங்கடை பெடியன் என்ன செய்தவன் தெரியுமே?” என்று தொடங்கிவிடுவார். அந்த முகத்தைப் பார்த்தால், இதைச் சொல்லி இந்த வெளிச்சத்தை நானே ஊதி அணைப்பதா என்று இருக்கும் இந்திராதேவிக்கு. ஆக, தோற்றாலும் கேட்கவில்லை, வென்றாலும் கேட்கவில்லை.

இரத்தினத்துக்கு விளையாட்டுப் பைத்தியம் பிடித்த கதையைச் சொல்ல வேண்டும். இருபது வருடம் பிரெஞ்சுக்காரனின் உணவகத்தில் குசினி வேலை பார்த்து முதுகைத் தேய்த்த மனிதர் அவர். ஒன்பது வருடத்துக்கு முன்னர்தான் ஃபொபூர் சேன்-தெனி வீதியின் வடமுனையில், லா ஷப்பல் மெற்றோ தலைக்கு மேலே தடதடத்துப் போகிற இடத்துக்குக் கிட்ட, இந்தச் சாப்பாட்டுக் கடையைத் திறந்தார். றோல்ஸ், பற்றிஸ், வடை, பின்னேரத்தில் இடியப்பமும் சொதியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், கதவு நிலையை அடைத்துக்கொண்டு ஒரு பெடியன் உள்ளே வந்தான். நின்ற நிலையில் ஆறு மட்டன் றோல்ஸ் சாப்பிட்டான். இரத்தினம் அதிசயப்பட்டுப்போய் ஏழாவதைச் சும்மா கொடுத்தார்.

“தம்பி ஆற்றை பிள்ளை?”

“அருட்பிரகாசத்தின்ரை மகன், அங்கிள். திரான்சியிலை இருக்கிறம். அப்பா மன்னார்.”

“என்ன வேலை செய்யிறீர், இந்தப் பசி பசிக்கிறீர்?”

“யுனிவர்சிற்றியிலை படிக்கிறன். அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுறன், அங்கிள். பந்தை வாங்கிக்கொண்டு ஓடுறவன் நான்தான்.”

“காலாலை அடிக்கிறதுதானே ஃபுட்போல்? அதென்ன காவிக்கொண்டு ஓடுறது?”

“வந்து பாருங்கோவன்.”

இரத்தினம் லா கூர்னெவ் மைதானத்துக்குப் போனார். முதல் அரைமணி நேரம் ஒன்றும் விளங்கவில்லை. இருபத்திரண்டு பேர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஒருவரில் ஒருவர் முட்டி விழுந்தார்கள், எழும்பினார்கள், கூடிக் கதைத்தார்கள், திரும்பவும் முட்டினார்கள். அப்போது இருபத்தேழாம் இலக்கச் சட்டைக்காரன் பந்தை வயிற்றோடு அணைத்து, இரண்டு தடியன்களுக்கு நடுவே ஒரு பூனை நுழையும் இடைவெளியில் நுழைந்து, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, மூன்றாமவனின் கை காற்றைப் பிடிக்க, கோடு கோடாய்த் தாண்டிக்கொண்டு போனான். இரத்தினம் இருக்கையை விட்டு எழும்பிவிட்டார்.

“அட, இது கிளித்தட்டெல்லோ!”

அவ்வளவுதான். அன்றைக்கு அவருக்கு அந்த விளையாட்டு முழுவதும் விளங்கிவிட்டது. மறிக்கிறவன் மறிக்க, தட்டுத் தட்டாய்த் தாண்டிப் போகிறவன் போகிறான். நடுவில் அலைகிறவன் கிளி. கடைசிக் கோட்டைத் தாண்டினால் பழம். அன்ரன் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் இரத்தினம் “பழம்!” என்று கத்தினார். பக்கத்திலிருந்த மாணவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களும் கத்தத் தொடங்கினார்கள். இப்போது அன்ரன் கோட்டைத் தாண்டினால், தமிழில் ஒரு சொல் தெரியாத முந்நூறு பிள்ளைகள் “பாலாம்! பாலாம்!” என்று குதிக்கிறார்கள்.

சனிக்கிழமை என்றால் இரண்டு தட்டு றோல்ஸ் மைதானத்துக்குப் போகும். இரத்தினமும் அன்ரனின் தகப்பன் அருட்பிரகாசமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். அருட்பிரகாசம் பண்டகசாலையில் வேலை. மெல்லிய மனிதர், மெல்லிய குரல். மகன் விழுந்தால் சிலுவை போடுவார். இரத்தினம் பக்கத்திலிருந்து, “பயப்பிடாதையும் காணும், அவன் எழும்புவான், எங்கடை பெடியன்!” என்பார். எழும்பினால் இரண்டு பேரும் ஆளையாள் கட்டிப்பிடிப்பார்கள். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் இவர் அவர் வீட்டுப் படி மிதித்ததில்லை. அவர் இவர் வீட்டுக்கு வந்ததுமில்லை. மைதானத்தின் கேற்றடியில், “சரி அண்ணை”, “சரி காணும்” என்று பிரிந்துவிடுவார்கள்.

இதைத்தான் இந்திராதேவி மனத்துக்குள் வைத்து அளந்துகொண்டிருந்தாள். போன தையில் இரத்தினத்தின் ஒன்றுவிட்ட தங்கையின் மகள் ஒரு கத்தோலிக்கப் பெடியனைக் கலியாணம் கட்டினாள். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த இரத்தினம் அழைப்பிதழைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்ல குடும்பமாம். பெடியனும் நல்லவனாம். எண்டாலும் வேதக்காரர்.” அந்த ‘எண்டாலும்’ இந்திராதேவியின் நெஞ்சில் மீன்முள்ளாக நின்றது. மைதானத்துக்குள்ளே எங்கடை பெடியன். வீட்டு வாசலிலே வேதக்காரப் பெடியனா? போதாததற்கு மிருணாளினி அன்ரனுக்கு மூன்று மாதம் மூப்பு. அதற்கொரு முள் தனியாக.

இப்போது நேரமும் கழுத்தைப் பிடித்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை இறுதிப் போட்டி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சூரிச்சிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் மிருணாளினியைப் பார்க்க வருகிறார்கள். சாதகம் பொருந்தியிருந்தது. இரத்தினம் ஓமென்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலையில் வேலைக்குப் போகமுன் மிருணாளினி பின்கட்டுக்கு வந்து நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் இந்திராதேவிக்கு லேசாக இருந்திருக்கும்.

“ஸா சுஃபி, அம்மா. காணும். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சனத்துக்கு முன்னாலை தேத்தண்ணித் தட்டோடை நான் வரமாட்டன். அதுக்குமுன்னம் நீங்கள் கேக்காட்டி, பிறகு ஒருநாளும் கேக்கத் தேவையில்லை.”

இந்திராதேவி றோல்ஸை றஸ்க் தூளில் புரட்டிக்கொண்டே நின்றாள். புரட்டினதையே திரும்பத் திரும்பப் புரட்டினாள்.

அன்று பின்னேரம் இரத்தினத்துக்கு ஒரு யோசனை உதித்தது. இறுதிப் போட்டிக்கு லா ஷப்பல் சனமெல்லாம் வரவேண்டும். அதற்கு அன்ரனின் படத்தோடு நோட்டீஸ் அடிக்க வேண்டும். அச்சகக்காரச் சேந்தனைத் தொலைபேசியில் பிடித்தார்.

“பேரைப் பெரிசாப் போடும். படம் பெரிசா வரவேணும். பிறந்த திகதியைப் போடும், எவ்வளவு இளம் பெடியன் எண்டு சனத்துக்குத் தெரியட்டும். மட்ச் நடக்கிற திகதியையும் போடும். வெறுமையா இருக்கக்கூடாது, நாலு பூ கீ வைச்சு மங்களமாச் செய்யும்.”

“அதுக்கென்ன அண்ணை, எங்களிட்டை ரெடியா ஒரு டிசைன் கிடக்கு. கலர் மை மட்டும் முடிஞ்சுது. கறுப்பு வெள்ளையிலை அடிச்சாப் பறவாயில்லையே?”

“பறவாயில்லை. அவன் எதிலையும் வடிவுதான்.”

வியாழக்கிழமை விடிய, இந்திராதேவி கோதுமை மாவில் பசை காய்ச்சிக் கொடுத்தாள். “காத்துக்கு நிக்கவேணும், இறுக்கமாக் காய்ச்சும்” என்று அவர் சொன்னபடியே இறுக்கமாகக் காய்ச்சினாள். அவர் கடைக் கண்ணாடியிலும் பக்கத்துச் சுவரிலுமாய் இருபது ஒட்டினார். ஒட்டிவிட்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் மூக்குக்கண்ணாடி போடாமல், கையில் எண்ணெயோடு எட்டிப் பார்த்து, “வடிவாத்தான் இருக்கு” என்றாள். அவர் பெருமையோடு மரக்கறி எடுக்கப் போனார்.

பத்து மணிபோல, கோயிலுக்குப் போய்வருகிற ஒரு அம்மா சுவருக்கு முன்னால் நின்றார். நெஞ்சில் கையை வைத்தார். பிறகு உள்ளே வந்து இரண்டு வடை வாங்கிக்கொண்டு, “என்ன வடிவான பிள்ளை. கடவுளுக்குக் கண் இல்லை” என்று பெருமூச்சு விட்டார். அன்ரனின் அழகைத்தான் சொல்கிறாராக்கும் என்று இந்திராதேவி, “ஓம், நல்லா ஓடுவான்” என்றாள். அந்த அம்மா அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்ததாக, பக்கத்துப் பூக்கடை லெத்திசியா ஒரு கொத்து வெள்ளைச் செவ்வந்தியோடு வந்தாள். இந்திராதேவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“மே கொந்தோலேயான்ஸ், மதாம் இந்திரா. என் ஆழ்ந்த அனுதாபம். இங்கே வந்து நின்று சாப்பிடுகிற பிள்ளைதானே அவன்? எப்படி நடந்தது?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

இந்திராதேவி கையைத் துடைத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அந்தச் சுவர் எப்போதும் கண்ணீர் அஞ்சலி ஒட்டுகிற சுவர். லா ஷப்பலில் ஆர் செத்தாலும் முதலில் தெரிவது அந்தச் சுவருக்குத்தான். அதில், போன கிழமை காலமான ஒரு பெரியவருக்கும், முந்தின மாதம் மோசம்போன ஒரு அம்மாவுக்கும் நடுவில், அன்ரன் சிரித்துக்கொண்டிருந்தான். கறுப்பு வெள்ளை. சுற்றிப் பூவளையம். இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. படத்துக்குக் கீழே இடப்பக்கம் பிறந்த திகதி, வலப்பக்கம் சனிக்கிழமைத் திகதி. போட்டி நடக்கும் இடமும் நேரமும் ஆகக் கீழே, நல்லடக்கம் நடக்கும் இடம் போடுகிற இடத்தில், சின்ன எழுத்தில் இருந்தது.

“ஐயோ பிள்ளையாரே,” என்றாள் இந்திராதேவி. “நாளையிண்டைக்கு ஓடப்போற பிள்ளைக்கு!”

திகதியை வாசிக்கிற சனம் எங்கே இருக்கிறது? படத்தைப் பார்த்த சனம் படத்தைப் படம் பிடித்து அனுப்பத் தொடங்கிவிட்டது. மரக்கறிப் பெட்டியோடு திரும்பிவந்த இரத்தினம், சுவரைப் பார்த்தார், லெத்திசியாவின் பூவைப் பார்த்தார், பெட்டியை நடைபாதையிலேயே போட்டுவிட்டு, “சேந்தா!” என்று கத்திக்கொண்டு அச்சகப் பக்கம் ஓடினார். அவர் போன கையோடு கடைத் தொலைபேசி அடித்தது. அருட்பிரகாசம்.

“அக்கா, இரத்தினம் அண்ணை இல்லையோ? என்ரை பிள்ளையை எனக்குச் சொல்லாமலே சாக்காட்டிப் போட்டியளாம். வேலையிடத்திலை எல்லாரும் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுகினம்.” மெல்லிய குரலில் சிரிப்பு இருந்தது; நடுக்கமும் இருந்தது. “காலமை ஆறு மணிக்கு என்னோடை பாண் சாப்பிட்டவன், அக்கா. எண்டாலும் நெஞ்சு ஒருக்கா நிண்டுட்டுது. ஃபோனும் எடுக்கிறான் இல்லை.”

“அது அச்சகக்காரன் செய்த கூத்து, தம்பி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளை பயிற்சியிலை நிப்பான். பிள்ளையின்ரை அம்மா, கொறற்றி அக்கா, பயந்திட்டாவோ?”

“அவ பயப்பிடேல்லை. செத்ததெண்டு கதை வந்தா ஆயுசு கூடுமாம். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னவ.”

இந்திராதேவி சிரித்தாள். சிரித்தபடி திரும்பியவள், தெருவில் மகளைக் கண்டாள்.

மிருணாளினி வேலையிடத்து அட்டை கழுத்தில் ஆட, கோட்டில்லாமல், கார் து நோர் ரயில் நிலையப் பக்கமிருந்து ஓடிவந்துகொண்டிருந்தாள். யாரோ அந்தப் படத்தை உடைந்த இதயம் ஒன்றோடு அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். சுவருக்கு முன்னால் வந்து நின்றாள். படத்தில் கையை வைத்தாள். இந்திராதேவி கதவைத் திறந்து, “பிள்ளை, அது பிழை, அவன் இருக்கிறான், மட்ச் நோட்டீஸடி அது” என்று சொல்லி முடித்ததற்கும், அந்த வார்த்தை மகளின் காதில் ஏறுவதற்கும் இடையில் ஒரு மெற்றோ தலைக்கு மேலே போய் முடிந்தது. அவ்வளவு நேரமும் மகள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறந்த அன்றைக்கு மருத்துவமனையில் அப்படிப் பார்த்தது. பிறகு இன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து, தோளில் மூட்டைபோலப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு, ஈரத் தலையோடு, அன்ரன் வந்தான். ஃபோனில் சார்ஜ் இல்லை, உலகம் தெரியாது, பசி.

“அன்ரி, சுடச்சுட றோல்ஸ் கிடக்கோ?” என்றவன் மிருணாளினியைக் கண்டான். “நீ ஏன் இஞ்சை? வேலை இல்லையே?”

அவள் கைப்பையால் அவன் நெஞ்சில் ஒன்று போட்டாள். இன்னொன்று போட்டாள். எத்தனையோ தடியன்கள் முட்டியும் சாயாதவன் இரண்டடி பின்னால் போனான். மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை அப்படியே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது. முகத்தை அவன் தோளில் புதைத்து, பட்டப்பகலில், லா ஷப்பல் சனமெல்லாம் பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

“ஏய், கெஸ்கிலியா? என்ன நடந்தது?” அன்ரன் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். சுவரில் தன்னையே கண்டான். “நானோ?”

இந்திராதேவி அவர்களைப் பார்க்கவில்லை. வீதிக்கு மற்றப் பக்கம் பார்த்தாள். பாதசாரிக் கடவையில் இரத்தினம் நின்றார். பச்சை விழுந்தது, அவர் கடக்கவில்லை. சிவப்பு விழுந்தது. திரும்பப் பச்சை விழுந்தது. சனம் அவரை இடித்துக்கொண்டு போயிற்று. மூன்றாவது பச்சைக்குத்தான் வந்தார். வந்து, இரண்டு பேரையும் தாண்டி, எவரையும் பாராமல் கடைக்குள் ஏறினார்.

“சுடுதண்ணி வையும்,” என்றார். “உரிக்கவேணும்.”

புருசனும் பெண்சாதியுமாய் வாளியோடு வெளியே வந்தார்கள். பிள்ளைகளை இந்திராதேவி பின்கட்டுக்கு அனுப்பிவிட்டாள். சாம்பல் வானத்திலிருந்து மழையென்றும் சொல்லமுடியாத ஒரு தூறல் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சுடுதண்ணீரில் துணியை நனைத்துத் தாளில் ஒற்ற, அவர் தட்டகப்பையால் சுரண்டினார்.

“உந்தப் பசையை ஏன் இவ்வளவு இறுக்கமாக் காய்ச்சினீர்?”

“நீங்கள்தானே காத்துக்கு நிக்கவேணும் எண்டியள்.”

“சொன்னால், ஒரு அளவில்லையே? கலியாண வீட்டுப் பந்தலுக்கே...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். சுரண்டினார். “சேந்தன் மடையன். குத்துவிளக்கு மங்களமாம். எனக்குப் பாடம் எடுக்கிறான்.”

“உங்கடை கண்ணுக்கும் தெரியேல்லைத்தானே?”

“நான் அவன்ரை முகத்தைத்தான் பாத்தனான்.”

பூவளையம் உரிந்தது. விளக்குகள் உரிந்தன. திகதிகள் கூழாகி வழிந்தன. நாலாவது தாளுக்கு வந்தபோதுதான் இந்திராதேவி கவனித்தாள். அவர் சுற்றிவரச் சுரண்டுகிறாரே தவிர, முகத்தில் தட்டகப்பையை வைக்கவில்லை. கண்ணாடியில் வரிசையாய் நாலு அன்ரன், விளக்கும் பூவும் இல்லாமல், வெறும் முகமாய்ச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“இதுகளை ஆர் உரிக்கிறது?”

“நீர் உரியும். எனக்குக் கை வரேல்லை.”

அவளுக்கும் வரவில்லை. துணியை வாளிக்குள் போட்டாள்.

“பிள்ளை எங்கை?” என்றார் அவர், கண்ணாடியைப் பார்த்தபடியே.

“பின்னுக்கு. அவனுக்கு இடியப்பம் போட்டுக் குடுக்கிறாள்.”

இரத்தினம் தட்டகப்பையின் விளிம்பில் ஒட்டியிருந்த தாளை விரலால் வழித்தார். வழித்து முடிந்த பிறகும் வழித்துக்கொண்டிருந்தார்.

“கறி கிடக்கோ? வெறுஞ் சொதியோடை குடுத்துப் போடாதையும். நாளையிண்டைக்கு ஓடவேணும்.”

“கிடக்கு.”

“எவ்வளவு காலமா?”

கறியைப் பற்றி அவர் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். “எனக்குத் தெரிஞ்சு பதினாலு மாசம்,” என்றாள்.

“பதினாலு மாசம். எனக்குப் பக்கத்திலை படுத்துக்கொண்டு.”

“ஓம். ஒவ்வொரு சனிக்கிழமையும் வாய் வரைக்கும் வந்தது. நீங்கள் அவன் ஓடினதைச் சொல்லச் சொல்ல, உங்கடை சந்தோசத்தைப் பாத்துப் பாத்து, நான் விழுங்கினனான்.”

“ஞாயிற்றுக்கிழமை சூரிச்சுக்காரர்...” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. தலைக்கு மேலே மெற்றோ போயிற்று. இரண்டு பேரும் அது போய் முடியும் வரைக்கும் நின்றார்கள். உள்ளேயிருந்து மிருணாளினியின் சிரிப்பு வந்தது. அழுது முடித்த பிறகு வருகிற, மூக்கடைத்த சிரிப்பு. இரத்தினம் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஆனால் காது அங்கேதான் நின்றது என்பதை, முப்பது வருடம் கூட வாழ்ந்தவள், கண்டாள்.

நேரம் பார்த்துக் கேட்கிறேன் என்று சொல்லியிருந்தாள். சந்தோசமான நேரமும் இல்லை இது, துக்கமான நேரமும் இல்லை. கை இரண்டும் பசை. இந்திராதேவி அதைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

“இஞ்சாருங்கோ,” என்றாள். “எங்கடை பெடியன், எங்கடை பெடியன் எண்டு ரெண்டு வருசமா அந்த மைதானத்திலை தொண்டை கிழியக் கத்துறியள். நாங்கள் ரெண்டு பேரும் திரான்சிக்கு, அருட்பிரகாசம் வீட்டை போய், அவனை எங்கடை மிருணாவுக்குக் கேப்பமோ?”